கரடிக்கு எதற்குக் கால்

அன்புள்ள ஷிமெக் அண்ணாவுக்கு,

கிங்கா எழுதுகிறேன். போனில் எத்தனை குரல் பதிவு அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். இதை மியூட் பண்ண முடியாது, பார்! சிகாகோவில் குளிர் எப்படி? சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உன் செல்லோ நன்றாக இருக்கிறது. இனிமேல் நான் எழுதப்போவதைப் படித்துப் பயப்படாதே.

இலையுதிர்காலத்தில் ஓடு பதித்த பழைய அடுப்பு விரிசல் விட்டதால் அப்பா புது இரும்பு அடுப்பு வாங்கினார். நாலு கட்டை போட்டால் வீடே கொதிக்கிறது. ஆனால் காற்று எலும்பு மாதிரிக் காய்ந்துவிட்டது. பூனையைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. அம்மாவுக்கு மூக்கில் ரத்தம். காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்க்க நான் வாங்கி மாட்டிய ஈரமானியில் முள் இருபதுக்குக் கீழே கிடந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது மூலையில் சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம். உன் செல்லோவின் முன்பலகை அடியோரத்தில் ஒட்டு விட்டு, ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

தூக்கிக்கொண்டு வாத்தியம் செய்கிற ஸ்தோப்காவிடம் ஓடினேன். "இப்போ ஒட்டு மட்டும்தான் விட்டிருக்கு. இன்னும் காய்ஞ்சா மரமே பிளந்துடும். வீட்டுக் காத்தைச் சரி பண்ணு, முள் நாப்பதுல நிக்கட்டும். அப்புறம் ஒட்டித் தர்றேன்"னு சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு அறையில் வைக்கலாமென்றால் அங்கே வாளித் தண்ணீரே உறைகிறது. பக்கத்து வீட்டு ஹல்கா கல்யாணமோ தவக்காலத்துக்கு முந்தைய சனிக்கிழமை. அதில் நீ வாசிப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். மறந்துவிடவில்லையே?

தண்ணீர் ஊற்றி அடுப்பு மேல் வைத்தால் ஆவி விட்டுக் காற்றை ஈரமாக்குகிற ஸ்டீமர் ஒன்றுதான் வழி என்று முடிவு பண்ணினேன். அண்ணா, இணையத்தில் விறகடுப்புப் பைத்தியங்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது! நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் புதியவர்களுக்கு நானே பதில் சொல்கிறேன். மூக்கு வைத்த கெட்டில் கூடாது. ஆவி வருகிற மாதிரி படம் காட்டும், ஆனால் வாய் சின்னது. அகலவாய் வேண்டும், உள்ளே எனாமல் பூச்சு வேண்டும், இல்லையென்றால் துரு. சுலபமாகக் கவிழாத கனமும் வேண்டும். அப்பா கேட்டாரா? முட்டைக்கோஸ் சூப் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். "ஆவின்னா எல்லாம் ஆவிதான்"னு வாதம் வேறு. இரண்டு நாள் என் தலைமுடி வரைக்கும் புளித்த கோஸ் நாற்றம்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பச்சை வார்ப்பிரும்பு ஸ்டீமர். மூடி முழுக்கப் பூவேலைத் துளைகள், அடியில் நாலு கரடிப் பாதங்கள். அந்தப் பாதங்களில்தான் நான் விழுந்தேன், ஒத்துக்கொள்கிறேன். வைத்து ஒரு நாள் முழுக்க எரித்தும் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அப்பா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்டர்நெட் மகாராணி, காலை ஊற வெச்சுக்கவா?"ன்னார். குழுவில் கேட்டேன். அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார் என்றார்கள். காகிதமென்ன, என் விரலே உள்ளே போனது! பாதம் தூக்கிப் பிடிப்பதால் அடிப்பாகம் அடுப்பைத் தொடவே இல்லை.

மானம் போய், திருப்பி அனுப்பப் பெட்டியில் கட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது, விறகுக் கொட்டகையில் இரும்பு அறுக்கிற கிரைண்டர் அலறுகிறது. அப்பா நாலு பாதத்தையும் நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். இனி எப்படித் திருப்பி அனுப்புவது என்று கத்தினேன். நிமிராமலே, "கரடிக்கு எதுக்குடி காலு? இது எங்கயும் போகப் போறதில்லையே"ன்னார். பிறகு கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பாகம் சமமாகும் வரை மதியம் முழுக்கத் தேய்த்தார். அடுப்பில் புகைக்குழாய் ஓரமாக, சூடு அதிகமான இடத்தில் வைத்தோம். கட்டை பிடித்துக் கனன்றதும் துளைகள் வழியாக ஆவி வந்தது பார், நான் ஆடியே விட்டேன்!

அந்த வாரமே முள் நாற்பதைத் தொட்டது. அதற்கு மேல் விடுவதில்லை, விட்டால் ஜன்னலில் பனி கட்டிக்கொள்கிறது. ஸ்தோப்காவும் ஒட்டிக் கொடுத்துவிட்டார். தடவிப் பார்த்தால் கூடத் தெரியாது.

நீ கிளம்பின அன்றைக்கு அப்பா உன் செல்லோவைக் காட்டிச் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "போறவன் அந்தப் பொட்டியை அடுப்புல போட்டுட்டுப் போ"ன்னு சொன்னாரே, அது. இப்போது காலையில் குதிரையைக் கூடப் பார்க்காமல் முதலில் ஸ்டீமரைத்தான் பார்க்கிறார். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்று வெந்நீர் போட்டு ஊற்றுகிறார். "எவ்ளோ காட்டுது?" என்று என்னைக் கேட்கிறார். கேட்டால் அம்மாவின் மூக்குக்காகவாம். போன வாரம் அம்மா சித்தி வீட்டில் இருந்தாள், அப்போதும் ஊற்றினார்.

வயலின்காரர்கள் வந்து, கல்யாணத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து செல்லோவுக்கு ஆள் கூப்பிடவா என்று கேட்டார்கள். "எங்க வீட்டுல ஆள் இருக்கான்"னு அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். இதை உனக்கு எழுதக்கூடாது என்பது உத்தரவு. எழுதிவிட்டேன்.

உறை கனமாக இருக்கிறதே என்று யோசிப்பாய். உள்ளே இருப்பது கரடியின் ஒரு கால். நான் வைக்கவில்லை. உறையில் உன் முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து போட்டார். எதற்கு என்று கேட்டேன். "கனமா இருந்தா தபால் தொலையாது"ன்னார். மீதி மூன்றும் இங்கே ஜன்னல் மேடையில் இருக்கின்றன. நாலாவதை நீ தபாலில் அனுப்பாதே அண்ணா, கையில் கொண்டு வா.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். முள்ளை நான் நாற்பதிலேயே வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
கிங்கா