எதிர்க்கரைப் புகை

நாள் 41, காலை

பதிவு: வடிவாம்பாள், இடப்பெயர்வு ஆய்வாளர். காலம்: நம் காலத்துக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டுகள் முன்பு. இடம்: கிழக்குத் தீவுகளின் கடைசிக் கரை.

கருவிகள் சரி. காற்று லேசு. மலைச்சரிவு மறைவிடத்திலிருந்து பார்க்கிறேன். கீழே கடலோரக் கூட்டம் மட்டிச்சிப்பி சுட்டுத் தின்கிறது. மட்டிகள் நாளுக்கு நாள் சிறுத்து வருகின்றன. சுனையும் வற்றுகிறது. பார்ப்பது மட்டும்தான் என் வேலை. தலையிடக் கூடாது.

எதிர்க்கரை இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அங்கே இன்னும் மனிதர் யாரும் போய்ச் சேரவில்லை. முதலில் வருகிறவர்களைப் பதிவு செய்ய என் சகா சவரிமுத்து மட்டும் அங்கே தனியாக இருக்கிறான்.

இன்று அந்தத் திசையில் புகை.

நாள் 43, காலை

மறுபடி புகை. அதே இடம், அதே வேளை. காட்டுத்தீ நேரம் பார்த்தா எரியும்? ரேடியோவில் சவரியைக் கேட்டேன்.

"நா ஒண்ணும் கொளுத்தலக்கா. மின்னல் விழுந்திருக்கும்."

இந்த வாரம் முழுக்க வானத்தில் மேகமே இல்லை.

நாள் 46, பகல்

கூட்டத்தை நடத்துகிறவள் நல்ல உயரம். நெட்டச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். இடுப்பில் கைக்குழந்தை. மூங்கில் வெட்டச் சொல்கிறாள், நடுநடுவே புகையைப் பார்க்கிறாள். தெப்பம் கட்டுகிறார்கள். நீரோட்டம் தெற்கே இழுக்கும். திசை தப்பினால் அப்புறம் கரையே கிடையாது.

சவரியைத் திரும்பக் கேட்டேன்.

"என்னயவா சந்தேகப்படுறீய?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்துகிறது. நம் காலத்துக்குத் திரும்பும் கலம் பழுது என்று தினமும் புலம்பியவன், இப்போது அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறான்?

நாள் 50, விடியல்

அன்றைக்குப் பிறகு சவரியிடமிருந்து பேச்சே இல்லை. புகை மட்டும் தவறாமல் எழுகிறது. வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறான்.

தெப்பங்கள் புறப்பட்டுவிட்டன. முதல் தெப்பத்தில் நெட்டச்சி, குழந்தையோடு. இடம் கிடைக்காதவர்கள் கரையில் நிற்கிறார்கள்.

நாள் 50, காலை

ரேடியோ இரைகிறது. சவரி.

"அக்கா... மொதல்ல கொளுத்துனது நாந்தான். ஒத்தையில கெடக்க முடியலக்கா. யாராச்சும் வரட்டும்னுதான். ஆனா ஒங்ககிட்ட கடைசியா பேசுனதுலருந்து காய்ச்சல். எந்திரிக்கவே இல்ல."

அப்படியானால் இப்போது எழும் புகை யாருடையது என்று கேட்டேன்.

"தெரியலக்கா. தலமாட்டுல சிப்பி ஓட்டுல தண்ணி இருக்கு. நா வைக்கல."

நாள் 50, அதற்குப் பிறகு

அங்கே யாரோ இருக்கிறார்கள். எப்படிப்பட்டவர்களோ. இவர்கள் பிள்ளைகளோடு நேராக அவர்கள் கையில் போய் விழப்போகிறார்கள்.

சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டேன். தலையிடாத விதியாவது மண்ணாவது. புகையைத் தேடிப் போகிறவர்கள், இந்தப் புகையைப் பார்த்தாவது திரும்பட்டும்.

நெட்டச்சி பார்த்தாள். தொலைநோக்கியில் அவள் முகம் தெரிந்தது. துடுப்பு நிற்கவில்லை. நீரோட்டம் பிடித்துவிட்டது. இனி அவர்களே நினைத்தாலும் திரும்ப முடியாது.

சவரி, பேசு. தண்ணீரைக் குடித்தாயா? குடிக்காதே. இல்லை, குடி. எனக்குத் தெரியவில்லை.

தெப்பங்கள் மறைந்துவிட்டன.

கரையில் நின்றவர்களை மறந்தே போனேன். என் புகையைப் பார்த்துவிட்டார்கள். மேலே ஏறி வருகிறார்கள், கையில் மூங்கில் கழிகளோடு. முன்னால் வருகிறவன் என்னைக் கண்டுவிட்டான். சிரிக்கிறானா, பல்லைக் கடிக்கிறானா என்று இங்கிருந்து...