இடது காலில் புறப்பாடு

மந்தைவெளி,
14.7.1996

அன்புள்ள வடிவுக்கு,

நலம். அன்று நான் வீசிய ஊன்றுகோல் பட்டுப் பெயர்ந்த சுவரைப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கண்ணிவெடியில் போன என் இடது காலுக்கு, அடையாறில் செயற்கைக் கால் செய்யும் கம்பெனி ஒன்று புதுக் கால் பொருத்தியிருக்கிறது. எங்களைப் போன்ற முன்னாள் சிப்பாய்களுக்கென்றே செய்கிறார்கள். முழங்கால்கூட மடங்கும்.

முதல் நாள் மூன்று முறை விழுந்தேன். கால் பொருத்தும் பெண் தீபிகா, "நல்ல காலை முதல்ல வைங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் பொய்க்காலையே முதலில் வைத்தேன்.

"எத்தனை வாட்டி சார் சொல்றது?"

"பதினாறு வருஷம் பரேடும்மா. இடது காலைத் தூக்காம எனக்குக் கிளம்பவே தெரியாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ முட்டியத்தான் மாத்தணும். உங்கள மாத்த முடியாது."

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது நீயும் 'உங்கள மாத்த முடியாது' என்றுதான் சொன்னாய், வேறு குரலில்.

நான்கு நாள் மல்லுக்கட்டி, இடது காலை முதலில் வைத்தாலும் முட்டி மடிந்து விழாதபடி செய்துவிட்டாள். நேற்று பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே. எட்டு வருஷமாக என் இடது பக்கமே நடந்து உன் தோள் சாய்ந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நட. கூட நடந்தால் போதும்.

உங்கள் வீட்டு வாசலுக்கு நடந்தே வரப்போகும்
உன் கணவன்