முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்த நாற்காலி

மே 9, புதன்

தங்கை எனிட் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். ஐம்பத்தெட்டு வயதில்! ஆள் ஹொரேஸ் பிம். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன். இப்போது பெல்மர்டன் ஹால் என்ற பிரபு மாளிகையில், வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் சுற்றிக்காட்டுகிறான். அதற்கு ஒரு பேட்ஜ் வேறு.

"சனிக்கிழமை ரயில்ல போய் ஆளைப் பாத்துட்டு வந்துடலாம்க்கா. நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

இருபது வருடமாக லெஸ்டரில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் போய்விட்டால் எனக்கு யார்? வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

மே 12, சனி

ஹொரேஸ் ரயிலடியிலேயே காத்திருந்தான். டை, பேட்ஜ், இளிப்பு.

"நம்ம மாளிகையில நூத்திப்பன்னெண்டு ஜன்னல்ங்க."

நம்ம மாளிகையாம்! பிரபு வீட்டு நாய்க்குக்கூட இவனைவிட அங்கே உரிமை அதிகம். சுவர் முழுக்கக் குதிரை மூஞ்சிப் படங்கள். ஒரு கட்டிலைச் சுற்றிக் கயிறு: ஏதோ ராஜா ஒரு ராத்திரி படுத்தாராம். நானும்தான் தினம் படுக்கிறேன், யார் கயிறு கட்டினார்கள்? நடுவில் பிரபு ஓட்டை ஸ்வெட்டரோடு குறுக்கே போனார். இவன் இடுப்பு வரை வளைந்து, "இன்னைக்கு நல்ல வெயில்ங்கய்யா" என்றான். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. தூ!

உட்காரக்கூடாத நாற்காலிகளில் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருப்பார்கள். 'உட்காராதே' என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லையாம்.

எனிட் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம், என் முழங்கால் பிடித்துக்கொண்டது. நிற்க முடியவில்லை. ஹொரேஸ் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தான். முட்பூவை எடுத்தான்.

"உக்காருங்க. முன்னூறு வருஷமா சும்மாதானே நிக்குது."

உட்கார்ந்தேன். படாரென்று நாற்காலிக்கால் முறிந்தது. அவன் என்னைத் தூக்கி நிறுத்துவதற்கும் மேற்பார்வைக்கார மிஸஸ் ஹார்போர்ட் ஓடிவருவதற்கும் சரியாக இருந்தது.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாங்கம்மா. தெரியாத்தனமா உக்காந்துட்டேன்."

அந்தம்மாள் கையை நீட்டினாள். பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தான். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்த எனிட்டிடமும் தானே உட்கார்ந்ததாகத்தான் சொன்னான். அவள் நூலகக்காரி. புத்தகத்தில் ஒரு மூலை மடிந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. திரும்பும் ரயிலில் பொருமினாள்: "காவல் காக்கவேண்டிய ஆளே ஏறி உக்காருவாரா? பொறுப்பில்லாத மனுஷன். எனக்கு வேண்டாம்க்கா."

"உன் இஷ்டம்" என்று முட்டை சாண்ட்விச்சை நீட்டினேன்.

மே 13, ஞாயிறு

நான் ஒரு வார்த்தை சொல்லாமலே வேலை முடிந்தது. சந்தோஷம்தானே? சந்தோஷம்தான்.

மே 15, செவ்வாய்

வேண்டாமென்று அவனுக்குக் கடிதம் எழுதினாள். என்னிடமே கொடுத்தாள். பெட்டியில் போட்டேன். தேநீர் குடித்தோம்.

மே 18, வெள்ளி

பதில் வந்தது. எனிட் சத்தமாகப் படித்தாள். உங்கள் முடிவு நியாயம்தான், நன்றாக இருங்கள் என்று இரண்டே வரி.

"அப்புறம் உன் முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கறாருக்கா. உன் முழங்காலுக்கு என்ன?"

அட மடையா! சொல்லித் தொலைத்திருக்கலாமே! கல்யாணமே கைவிட்டுப் போகிறது, அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே இந்த மனுஷர். முத்திரை குத்துகிறவர், கூழைக்கும்பிடு போடுகிறவர் என்றெல்லாம் எழுதிக் கிழித்தேனே, அந்த மாளிகையிலேயே கேடுகெட்டவள் நான்தான். நாற்காலியில் உட்கார்ந்தது யார் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

எனிட் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆறு நாளா எதிர்ல உக்காந்து டீ குடிச்சியே. எப்படிக்கா முடிஞ்சது உன்னால?"

"நீ போயிடுவியோன்னு..."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 19, சனி

எனிட் ஹொரேஸைப் பார்க்கக் கிளம்பினாள். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போனேன். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"சாயங்காலம் திரும்பறதா இருந்தா போகவர டிக்கெட்டே வாங்கிடுங்கம்மா. காசு ஒண்ணும் பெரிசா ஏறாது" என்றான் டிக்கெட் சன்னல்காரன். எல்லாரும் அதைத்தான் வாங்குவார்கள்.

"ஒருவழி போதும்" என்றாள் எனிட்.