ராத்தாவின் அளவுநூல்

என் தங்க உம்மாவுக்கு, சலாம்.

இத்தால் இம்மையிலும் மறுமையிலும் உள்ள சகலருக்கும் அறியத் தருவது என்னவென்றால்: நம் வீட்டு மூத்த மகளான என் ராத்தாவின் முதுகில் இரண்டு வருடங்களாக அயராது கடமையாற்றி வந்த சட்டைப் பின் என்கிற ஊசி, இன்று காலை ஓய்வு பெற்றது. பின்னால் இருந்தே உழைத்த அந்தப் பின்னுக்குப் பின் வேறு யாரும் நியமிக்கப்பட மாட்டார்கள். பிரியாவிடை வைபவத்தில் நானும் மூன்று கோழிகளும் சமுகமளித்தோம்.

சிரித்தீர்களா? அங்கே சத்தமாகச் சிரிக்க விடுவார்களா?

நீங்கள் போன பிறகு உங்களை நான் அதிகமாகக் கண்டது உடுப்புக் கொடியில்தான். நீங்கள் பழக்கியபடியே ராத்தா தன் உள்ளுடுப்புகளை வாப்பாவின் சாரனுக்கு உள்ளே மறைத்துத்தான் காயப்போடுவாள். விடிந்ததும் கடற்காற்று வந்து சாரனைத் தூக்கும். உள்ளே அகன்ற பட்டியோடு ஒரு பிறேசியர் மெல்ல ஆடும். அது உங்கள் அளவு. பாதித் தூக்கத்தில் பார்த்தால், நீங்கள் குளித்துவிட்டு இப்போதுதான் அறைக்குள் போனது போல இருக்கும். எத்தனை காலைகள் அதை நம்பிக்கொண்டு, கண்ணை முழுதாகத் திறக்காமல் பாயிலேயே கிடந்திருக்கிறேன் தெரியுமா?

ராத்தா சம்மாந்துறையில் டீச்சராகிவிட்டாள். வேலை கிடைத்த அன்று வாப்பா தெரு முழுக்க வாய் இனிக்கத் தொதல் கொடுத்தார். போன மாதம் திடீரென்று, "நான் இனி வேலைக்குப் போகல்ல வாப்பா. பஸ்ஸில தலை சுத்துது" என்றாள். வாப்பா பிசைந்த சோற்றைத் திரும்பவும் பிசைந்தார்.

நான் விடுவேனா? அவள் வகுப்பில் படிக்கும் ஒரு வாண்டை வழியில் மறித்து விசாரித்தேன்.

"டீச்சர் நல்லம். ஆனா கரும்பலகையில கீழ்ப் பாதியிலதான் எழுதுவாங்க. பின்னால இரிக்கிற எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

போதாதா எனக்கு? அன்று பின்னேரமே கரித்துண்டை எடுத்து, குனிந்து குனிந்து கோழிக்கூட்டுக் கதவில் எழுதி, "அரைப் பலகை டீச்சர் வாறாங்க!" என்று ஆடிக் காட்டினேன். ராத்தா சிரிக்கவில்லை. என்னை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"கையத் தூக்கினா எல்லாம் மேல ஏறுது புள்ள. பட்டியில குத்தின பின் கழண்டு முதுகில குத்துது. அத்தின புள்ளைகளும் பார்த்திட்டு இரிக்கக்குள்ள நான் என்ன செய்ற?"

"சின்னதா ஒண்டு எடுக்கலாந்தானே?"

"வாப்பாதானே பெருநாளைக்குப் புடவையோட சேர்த்து எடுத்துத் தாறாரு. உம்மாட அளவு. அவருக்கிட்ட எப்பிடிப் புள்ள வாய் தொறந்து சொல்ற?"

அவள் தோள்களில் நாடா பதிந்த இரண்டு கோடுகள் கறுத்துக் கிடந்தன. விலாவைப் பிடிக்க வேண்டிய பட்டி சும்மா தொங்க, பாரம் முழுவதையும் தோள்கள்தான் சுமந்திருக்கின்றன. உங்களுக்கு அகன்ற முதுகு உம்மா. ராத்தாவுக்கு வாப்பாவைப் போல ஒடுங்கிய விலா. நீங்கள் இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருக்க மாட்டீர்களா?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் திறமை. தையல் நூலை மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றிப் பிடித்து, மூச்சை விடச் சொல்லி முடிச்சுப் போட்டேன். பட்டியை இழுத்தால் நூலின் நீளத்துக்கு வரவேண்டும். இழுக்காமலே வந்தால் அது தொளதொள. மாங்காய் அடிக்கக் கெட்டப்போல் கவண் கட்டிய எனக்கு ரப்பரின் குணம் தெரியாதா? பிறகு கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய், புடவைக்கடைப் படியேறி, கடைக்காரரைப் பார்த்து, "காக்கா, நம்பர் ஒண்டும் கேக்காதீங்க. இந்த நூலுக்குச் சரியான பிறேசியர் எடுங்க!" என்று கடை அதிரக் கேட்டேன். அவருடைய முகம் அவித்த இறாலாய்ச் சிவந்தது.

இன்று ராத்தா அதைக் கடைசிக் கொளுக்கியில் மாட்டினாள். பட்டிக்குள் இரண்டு விரல் போனது, மூன்றாவது போகவில்லை. கையைத் தூக்கினாள். பட்டி அசையவில்லை. இன்னும் எட்டி, வாசல் நிலையின் உச்சியில் "என் தங்கச்சி கழுதை" என்று அழகான எழுத்தில் எழுதிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

உம்மா, உங்களிடம் பொய் சொல்லி என்ன காணப்போகிறேன்? கடைக்குள் நான் போகவேயில்லை. படியில் ஒரு கால் வைத்தேன். உள்ளே நாலைந்து ஆண்கள் நின்றார்கள். பக்கத்துக் கடையில் முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்றைத் தேவையில்லாமல் வாங்கி, நூலை அதற்குள் மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அதை விரித்தபோது நூல் வாப்பாவின் காலடியில் விழுந்தது.

"இது என்ன நூல் மகள்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய், திக்கியது. "ராத்தாட... அளவு வாப்பா. நீங்க எடுக்கிறது அவக்குப் பெரிசு."

வாப்பா நூலை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். திரும்பவும் சுற்றினார்.

"எனக்குத் தெரிஞ்ச அளவு அது ஒண்டுதான் மகள்" என்றார்.

நூலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கடையில் அவர் அதை எப்படி நீட்டினார், என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் இந்த வீட்டில் வாப்பாவிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்வேன் உம்மா. திக்கித் திக்கியாவது சொல்வேன்.

இப்படிக்கு,
கடைவாசல் வரைக்கும் மட்டுமே வீரமுள்ள
உங்கள் கடைக்குட்டி மகள்