உன் அம்மா எழுந்து நின்ற விவரம்

கோவை,
நவம்பர் 9

அன்புள்ள கண்ணு சண்முகப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிருபாசங்கரும், இன்னும் பெயர் வைக்கப்படாத மூன்றாமவரும் கால்கரிக் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உயிருக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். முதலில் முக்கியமான செய்தி. நம் ஹாலில் நீ பிறப்பதற்கு முன்பிருந்து தெற்குச் சுவரை ஒட்டிக் கிடந்த பெரிய சோபாவை மேற்குச் சுவருக்கு மாற்றுவது என்று செப்டம்பரில் முடிவு செய்யப்பட்டது. அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. இரண்டு நாள் ஆலோசனை நடந்தது, டேப் வைத்து அளவு எடுத்தோம், எதிர்வீட்டு ஞானாபரணம் அழைக்கப்பட்டார், சர்ச்சில் கல்யாணங்களுக்கு நாற்காலி போடும் பொறுப்பு அவருடையது என்பதால் இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. மேற்குச் சுவருக்கு மாற்றினால் சோபாவில் இருப்பவருக்கு வாசல் கேட் நேராகத் தெரியும், வருகிறவர்களை உட்கார்ந்தபடியே "வாங்க" என்று கூப்பிட்டுக்கொள்ளலாம், எழ வேண்டியதில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. சோபாவில் இருப்பவர் உன் அம்மா.

அம்மாவுக்குக் கால் சுளுக்கு என்று போனில் உனக்குச் சொல்லியிருக்கிறோம். சுளுக்கு அல்ல. "மாசமா இருக்கற புள்ளகிட்ட போன்ல இதயெல்லாம் சொல்லி வெக்காதீங்க" என்பது உன் அம்மாவின் உத்தரவு. உத்தரவில் போன் மட்டும்தான் வருகிறது, கடிதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புவேன், வாட்ஸப்பில் அனுப்பினால் அவள் பார்த்துவிடுவாள். உன் பிரசவத்துக்கு டிசம்பர் இருபதாம் தேதி அவள் அங்கே வருவதாக ஏற்பாடு, தலைப்பிரசவத்துக்கு அம்மாதான் வர வேண்டும் என்று நீயும் நூறு முறை சொல்லியிருக்கிறாய். அதனால் உனக்கு விவரம் தெரிந்தாக வேண்டும்.

உன் கல்யாணம் முடிந்த மறுவாரம் அம்மா பழைய ஷூவைத் தேடி எடுத்து, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மகளிர் கூடைப்பந்து அணியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் ஈரோட்டில் ஒரு போட்டி. ஏழு பேர்தான் போனார்கள், மற்றவர்களுக்கு அன்று பேரக்குழந்தைகள் இருந்தார்கள். முதல் பாதியில் சாஜிதா பேகம் பந்துக்கு எம்பி, இறங்கும்போது யாருடைய பாதத்தின் மேலோ இறங்கிவிட்டார். உன் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர்தான், லேட்டாக வந்ததற்கு உன்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு இரண்டாகப் போன சத்தம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. மைதானமே எழுந்து நின்றது. இரண்டாம் பாதியில் அம்மாவின் முறை, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள், ஒரு எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள், பின்னால் திரும்பி கரூர் அணி அம்மாள் ஒருவரைப் பார்த்து "ஏனுங்க, எதுக்குங்க இப்படி ஒதைக்கறீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மாள் ஆறடி தள்ளி நின்றிருந்தார். "நானுங்களா? நா இங்கயல்லங்க நிக்கறேன்" என்றார். நடுவரும் யாரும் உதைக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் தடித்த நாண் ஒன்று இருக்கிறதே, டாக்டர்கள் டெண்டன் என்பார்கள், அது அறுந்தால் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலவே இருக்குமாம். ஆஸ்பத்திரியில் இது தெரிந்ததும் அம்மா கரூர் அம்மாளின் நம்பரை வாங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஒதைக்கலீங்களாமா" என்று சொன்ன பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் படுத்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன். சாஜிதாவுக்கு எலும்புக்குள் கம்பி, அம்மாவுக்குத் தையல். அதன் பிறகு பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறவர்கள் அதிகம் என்பதால் எது பெரிய அடி என்ற கேள்வி தானாகவே எழுந்தது. கட்டின் நீளத்தைக் கொண்டு தீர்மானிக்கும் முறைதான் இங்கே நடப்பில் இருக்கிறது. சாஜிதாவுக்குத் தொடை வரை கட்டு, அம்மாவுக்குக் கணுக்காலைச் சுற்றி ஒரு துணியும் பிளாஸ்டிக் பூட்ஸும். வந்தவர்கள் உட்காரும் முன்பே "எலும்பு போச்சுங்களா?" என்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும், இவ்வளவு தூரம் வந்தோமே என்பது போல. "அப்பறம் என்னுங்க, நரம்புதானுங்களே, எண்ணெய் போட்டு நீவுனாச் சரியாப்போயிரும்" என்பார்கள். சாஜிதா வீட்டுக்கு மாதுளை போயிற்று, நமக்கு வாழைப்பழம் வந்தது. அந்தியூரிலிருந்து உன் நஞ்சுண்டன் பெரியப்பா வந்து பூட்ஸை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மணி, நீ குதிரையாப் பொறந்திருந்தா இந்நேரம் குருநாதசாமி பண்டிகைக் குதிரைச் சந்தைக்கு ஓட்டிப்போட்டிருப்பமே" என்றார். "வாங்கறதுக்கு ஆளு வேணுமல்லங்க" என்று அம்மா சொன்னாள். அப்போதெல்லாம் நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

டாக்டரின் வரிசை வேறாக இருந்தது. டாக்டர் டீனா சின்ன வயசு, அவரும் கல்லூரியில் ஆடியவர். நாங்கள் போன அன்று வராந்தாவில் அணிப் பயிற்சியாளர் ரங்கராஜின் பெண் தேஜஸ்ரீயும் இருந்தாள், அவளுக்கு முழங்கால் ஜவ்வு. டாக்டர் மூன்றையும் சேர்த்தே விளக்கினார். எலும்பு உடைந்தால் பார்க்கப் பயங்கரம், ஆனால் எலும்பு மறுபடி எலும்பாகவே வளர்கிறது, உள்ளே கம்பி வேறு தாங்குகிறது, அதனால் சாஜிதா சீக்கிரமே கால் ஊன்றலாம். ஜவ்வு தானாக ஒட்டாது, தொடையிலிருந்து வேறொன்றை எடுத்து அங்கே வைக்கிறார்கள், பெண் இரண்டு மாதத்தில் சாதாரணமாக நடப்பாள், ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும், நடக்கிற பெண்ணை ஆடாமல் உட்காரவைப்பதுதான் அங்கே வைத்தியம். டெண்டன் இருக்கிறதே, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் சேரும், சேர்ந்தது பலப்படுவதற்குள் ஒரு முறை இழுபட்டால் போயிற்று. பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்திருக்கிறார்கள், வாரங்கள் போகப்போக ஒவ்வொன்றாக எடுப்பார்கள். "வலி இருக்கறவரைக்கும் பயம் இல்லம்மா, நீங்களே காலை ஊனமாட்டீங்க, வலி போனப்பறந்தான் எனக்குப் பயம்" என்று சொன்னார். இவ்வளவையும் கேட்டுவிட்டு உன் அம்மா கேட்டது ஒன்றுதான். "டிசம்பர்ல ப்ளைட் ஏறலாமுங்களா?" பூட்ஸைக் கழற்றாமல் இருந்தால் ஏறலாம் என்றார் டாக்டர்.

வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் சாஜிதா வாக்கரைத் தள்ளிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, படி ஏறி, தானாக வந்தார். "என்ன புவனா, எலும்பு ஒடஞ்சவ நானே வந்துட்டேன், நீ என்ன இன்னும் கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்காந்திருக்கே?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அவர் போன பிறகு அம்மா என்னிடம், "அவளுக்குக் கம்பியே வெச்சிருக்குதுங்க, எனக்கு வெறும் தையலு, எனக்கே வெக்கமா இருக்குதுங்க" என்றாள். இரண்டும் வேறு என்று டாக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதபோது அவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் கருமத்தம்பட்டியிலிருந்து பார்க்க வந்தார். தறி லீவு என்பதால் உன் மாமனாரும் கூட வந்தார். சோபாவை மாற்றியதன் பலன் அன்று முழுமையாகத் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே கார் நின்றதிலிருந்து அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. பழைய இடத்தில் இருந்திருந்தால் அவர்கள் ஹாலுக்குள் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். கார் கதவைத் திறந்து, பழக்கூடையை எடுத்து, உன் மாமனார் வண்டியை ஓரமாகச் சரிசெய்து, அவர்கள் செருப்பை வாசலில் கழற்றிப் படியேறுவதற்குள் அம்மாவுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. நான் வாசலில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பூட்ஸில் நாலு பட்டை, நாலையும் பிரித்துவிட்டாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "அவிய செருப்பக் கழட்டிப்போட்டு வாராங்க, நா ஊட்டுக்குள்ள பூட்ஸப் போட்டுட்டு ஒக்காந்தமேனிக்கு சம்பந்திய வாங்கன்னு சொல்றதுங்களா?" என்றாள். ஆகவே வெறுங்காலோடு எழுந்து நின்றாள், கையைக் கூப்பி "வாங்க, வாங்க" என்று இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள், ஓர் அடி முன்னால் வைத்தாள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதாம்.

உடனே உட்கார்ந்துவிட்டாள். உன் மாமியார், "பரவால்லீங்களே, நல்லா நிக்கறீங்க, நா என்னமோ ஏதோன்னு பயந்துபோட்டேனுங்க" என்று சந்தோஷப்பட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு. காப்பி கொடுத்தேன். அம்மா முறுக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னாள், தறிக்கு ஆள் கிடைக்காததை விசாரித்தாள், உனக்குச் சீமந்தம் இங்கே செய்ய முடியாமல் போனதைப் பற்றி இரண்டு பேரும் வருத்தப்பட்டார்கள், உன் மாமியார் சொன்ன ஒரு பேச்சுக்குச் சிரிக்கவும் செய்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது, மின்விசிறியை நான் கூட்டி வைத்தேன், எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. போகும்போது "எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க" என்று உன் மாமியார் சொன்னார், அம்மா எழவில்லை. கார் முக்குத் திரும்பியதும், "ஏனுங்க, டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, போயிருச்சுங்க" என்றாள். அன்று உன் மாமியார் உனக்குப் போன் செய்து, உங்கம்மா நன்றாக நிற்கிறார் என்று சொன்னாராம். அவர் சொன்னதில் பொய் இல்லை, அவர் பார்த்தபோது நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மறுபடி ஆபரேஷன் ஆயிற்று. முதல் தடவையைவிடப் பெரிய தையல், டாக்டர் டீனா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பூட்ஸ் இனி பொங்கல் வரைக்கும். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு வழுக்கும் தரையில் நடக்கவே கூடாது, அவ்வளவு நேரம் காலைத் தொங்கவிட்டு விமானத்தில் உட்காரவும் கூடாது என்றார். கால்கரியில் ஜனவரியில் தரை எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டார், ஐஸ் என்று நான் சொன்னேன். அன்று சாயங்காலம்தான் அம்மா உன்னை வீடியோவில் கூப்பிட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு ரசம் எப்படி வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். நானே வந்து வெச்சுத் தரப்போறனே என்று அவள் சொல்லாததை நீ கவனித்தாயோ என்னவோ. சாஜிதா இப்போது வாக்கர் இல்லாமல் வருகிறார், அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், எந்த அடி பெரியது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

நீ இதற்காக அழுதுகொண்டு உட்கார வேண்டாம். இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே. வெளியே போகும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், அவர் கை எதற்கு இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாயே, இடது பக்கமாகப் படு. இந்த விவரம் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவள் சுளுக்கு என்று சொன்னால் ஆமாம் என்று கேட்டுக்கொள். பூட்ஸைக் கழற்றிய விஷயத்தை மட்டும் உன் மாமியாரிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதே, தன்னை வரவேற்கத்தான் அப்படி ஆயிற்று என்று தெரிந்தால் அவருக்கு மனசு கேட்காது, உன் அம்மாவுக்கோ அவமானமாகிவிடும். கோனியம்மன் உன்னையும் குழந்தையையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டாக்கித் தரட்டும். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சென்னியப்பன்

பி.கு.: மாப்பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்கு வர உன் மாமியாருக்கு எடுத்த விசா இன்னும் செல்லும். டிசம்பர் இருபதாம் தேதி அவர் புறப்படுகிறார். உன் அம்மா கட்டி வைத்திருந்த பெட்டி அவருடன் வருகிறது.