ஏழு மரத்துக்கு மஞ்சள் துணி

தா.பழூர்
9.1.1984

அன்பு மகள் அறிவுக்கொடிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். மனசுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அகமதாபாத் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உடனே எழுது.

ஏரிக்கு நாரை பார்க்க வருகிறவர்களுக்காக நீ வரைந்து அனுப்பிய கட்டடப் படத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் வீரமுத்து தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஓட்டுக் கூரை, மழைத் தண்ணீர்த் தொட்டி, கருவேல மரங்களைப் பார்த்த ஜன்னல் எல்லாம் சரி, ஆனா அரியலூர்ல சிமெண்டு செய்யறப்ப இங்க மண் சுவரு வச்சா நம்ம ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான் வாத்தியாரே என்று மட்டும் வருத்தப்பட்டார். ஒரு மரமும் வெட்டக் கூடாது என்று நீ சிவப்பு மையில் எழுதியிருந்ததை நானே படித்துக் காட்டினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். போன வாரம் பார்த்தால், கால்கோள் விழாவுக்கு வரும் அதிகாரியின் ஜீப் நிற்க இடம் வேண்டுமென்று, நாரைகள் கூடு கட்டியிருக்கும் அந்த ஏழு கருவேல மரங்களையும் வெட்ட ஆள் விட்டிருக்கிறார்கள். கேட்டால், வர்றவருக்கு ஒரு மரியாதை வேணாமா என்கிறார் வீரமுத்து.

கோடாலிக்காரன் கண்ணையன் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் உன் அம்மாவின் மஞ்சள் சேலையைக் கிழித்து ஏழு மரத்திலும் கட்டிக் குங்குமமும் வைத்துவிட்டேன். நாற்பது வருடமாகச் சாமி இல்லை என்று இந்த ஊர் மேடையில் பேசிய உன் அப்பாதான். கண்ணையன் திரும்பி வந்து பார்த்தான், செருப்பைக் கழற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

கவலை அதற்குப் பிறகுதான். மூன்றே நாளில் மரங்கள் ஏழு கன்னிமார் ஆகிவிட்டன. மேலத்தெரு பொன்னாயி பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிவிட்டாள். தை முதல் வெள்ளிக்கிழமை மைக் செட் வைத்து, வேட்டுப் போட்டுப் பொங்கல் வைப்பார்களாம். அந்தச் சத்தத்தில் நாரைகள் குஞ்சுகளை விட்டுப் பறந்துவிட்டால் உன் ஜன்னல் எதைப் பார்க்கும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னாலோ மறுநாளே கோடாலி வந்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்த வீரமுத்துவிடம், கன்னிமாருக்குச் சத்தம் ஆகாது, கனவில் வந்து சொன்னார்கள் என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்தபடியே, நாப்பது வருசமா எனக்குத் தெரியாம இன்னும் எத்தன பொம்பளைங்க கனவுல வந்துட்டுப் போனாங்களோ என்றாள். வீரமுத்து, சரி வாத்தியாரே, மைக்கும் வேணாம் வேட்டும் வேணாம், ஆனா அவங்க உங்ககிட்டதான் பேசறாங்க, பூசாரி நீங்கதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கருப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு நான் சூடம் காட்ட வேண்டும். மணி மட்டும் அடிக்க மாட்டேன்; கொள்கைக்காக இல்லை, நாரைக்காக. பறவைகள் போய்விட்டால் தந்தி கொடுக்கிறேன். தந்தி வராவிட்டால் ஜன்னல் வரைந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நெடுநாள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரை என்று கேட்காதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் அப்பா,
ராசாங்கம்