பழுதுப் பெட்டியில் கிடந்த விண்ணப்பமும் தபால் எழுத்தரின் இடைநீக்கமும்

அனுப்புநர்
கருவிப் பராமரிப்பாளர் பணிக்கு விண்ணப்பித்தவர்,
(கொதிகலன் பிரிவின் முன்னாள் பழகுநர்),
டயர் கடை மாடி, புறவழிச்சாலை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பணியாளர் பிரிவு.

பொருள்: 18.06.2024 அன்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், தபால் பிரிவு எழுத்தரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

05.06.2024 காலை 10.05 மணி முதல் 17.06.2024 மாலை 4.20 மணி வரை, என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு இருபத்தேழு முறை தொலைபேசியில் அழைத்தேன். இருபத்தேழு முறையும் எடுத்துப் பேசியவர் தபால் பிரிவு எழுத்தர் அக்கா. அவர் ஒருமுறைகூட எரிந்து விழவில்லை. நான்தான் எரிந்து விழுந்தேன்.

அழைத்த நேரம், பேசிய நிமிடம், கிடைத்த பதில் எனக் கட்டம் போட்டு எழுதிப் புகாருடன் இணைத்திருந்தேன். அந்தத் தாளில் பிழை இல்லை. புகாரில் ஒரு வரி பொய். "விண்ணப்பத்தை 03.06.2024 அன்று எழுத்தரிடம் நேரில் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தேன். கொடுக்கவில்லை. வாயிலில் உள்ள பெட்டியில் போட்டேன். அப்படி எழுதினால் புகார் நிற்காது என்று மாற்றி எழுதினேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் 20ஆம் தேதி தாங்கள் அவரை இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள்.

இன்று காலை 8.50க்குக் கொதிகலன் பிரிவு ஃபோர்மேன் அழைத்தார். "டேய், உன் விண்ணப்பம் என் பழுதுப் பெட்டியில கெடக்குதுடா. நீ எந்த மெஷினு, உனக்கு என்ன கோளாறு?" என்று சிரித்தார்.

வாயிலில் இரண்டு பெட்டிகள் உள்ளன. பச்சை, தபாலுக்கு. சிவப்பு, கொதிகலன் பிரிவின் பழுதுச் சீட்டுகளுக்கு. பழகுநராக இருந்த ஓராண்டும் ஷிஃப்ட் முடிந்து போகையில் சிவப்புப் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டுப் போவேன். அன்றும் கை தன்னால் அங்கேயே போயிருக்கிறது. பெரிய கொதிகலன் நிறுத்தப்பட்டிருப்பதால் அந்தப் பெட்டியை இப்போது மாதம் ஒருமுறைதான் திறக்கிறார்களாம்.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறு. மூன்றாவது அழைப்பிலேயே எழுத்தர், "தம்பி, என் கைக்கு வரலைப்பா. பத்தாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. ஒரு நகல் கொண்டாந்து குடுத்துடுங்க, நானே உள்ள சேர்த்துடறேன்" என்று சொன்னார். "நீங்க தொலைச்சதுக்கு நான் எதுக்கு அலையணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பஸ்ஸில் இருபது நிமிடம். போயிருக்கலாம். என் தாளில் அந்த அழைப்புக்கு எதிரே "சரியான பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறேன், தாங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே பிழை இல்லை என்றேன், அதுவும் தவறு.

வீட்டில் என் சொந்த அக்காள் கணவர் தினமும் சாப்பிட உட்காரும்போது, "என்ன இன்ஜினியரே, ஆர்டர் வந்துச்சா, இல்ல இன்னும் அச்சாகுதா?" என்று கேட்பார். அவரிடம் காட்ட முடியாத கோபத்தை எழுத்தரிடம் காட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன், சமாதானம் சொல்லவில்லை.

பதினெட்டு வருடப் பணியில் அவர் ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்றும், இடைநீக்கம் செய்யப்பட்ட அன்று அலமாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, சாப்பாட்டுப் பையுடன் பஸ்ஸுக்கு நின்றார் என்றும் ஃபோர்மேன் சொன்னார். 26ஆம் தேதி விசாரணையில் வேலையே போகலாமாம்.

ஆகவே, அந்த விசாரணைக்கு முன் இந்த மனுவைத் தாங்களே படித்து, அவருடைய இடைநீக்கத்தை ரத்து செய்து, அந்த நாட்களைப் பணி நாட்களாகவே கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். கெடு கடந்து கிடைத்த என் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். பொய்ப் புகாருக்காக என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. 26ஆம் தேதி காலை 10.30க்கு, அழைக்காவிட்டாலும் வந்து விசாரணை அறைக்கு வெளியே நிற்பேன். கேட்டால் இதையே வாயாலும் சொல்வேன்.

2. தாங்கள் அனுமதித்தால், இடைநீக்க ஆணை ஒட்டியிருக்கும் பலகையில் இந்த மனுவின் நகலையும் ஒட்டுவேன்.

3. எழுத்தர் அக்கா வீட்டுக்குப் போவேன். கதவைச் சாத்தினால் அது அவர் உரிமை.

4. வேலையைப் பற்றி விசாரிக்க மாட்டேன். அவர் இருக்கைக்குத் திரும்பிவிட்டாரா என்று மட்டும் தினமும் விசாரிப்பேன். அந்தத் தொல்லையைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாள்: 24.06.2024, பிற்பகல் 3.10
இடம்: ஆலை வாயில், காவலர் அறை

தலைகுனிந்து,
(கையொப்பம்)